அடுத்த பெருந்தொற்றுக்குத் திட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுகாதாரம், நிதி, உணவு என்று தனித்தனி அறைகளில் உட்கார்ந்து ஒரே திட்டத்தை எழுதிக்கொண்டிருக்கும் அதிகாரிகளுக்கும் வல்லுநர்களுக்கும்,

வணக்கம்.

கோவிட் காலத்தில் நான் தொலைபேசியில் கேள்வி கேட்கும் வேலை பார்த்தேன். பெரிய படிப்பு தேவைப்படாத வேலை. பட்டியலில் இருக்கும் எண்களை வரிசையாக அழைக்க வேண்டும். எடுத்தவரிடம் கடந்த ஏழு நாட்களில் வீட்டில் சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். சொல்கிற பதிலை எண்ணாக்கிப் படிவத்தில் போட வேண்டும். அவ்வளவுதான்.

கேள்விகள் ஐந்து. உங்களுக்கு அவை தெரிந்திருக்கும், உலகம் முழுக்கப் பயன்படுகிற கேள்விகள்தான். விலை குறைவு என்பதற்காகப் பிடிக்காத உணவைச் சாப்பிட்டீர்களா? உணவைக் கடனாகவோ உதவியாகவோ வாங்கினீர்களா? ஒரு வேளைக்கான அளவைக் குறைத்தீர்களா? வேளைகளையே குறைத்தீர்களா? கடைசியாக, குழந்தைகள் சாப்பிட வேண்டும் என்பதற்காகப் பெரியவர்கள் குறைத்துக்கொண்டார்களா? ஒவ்வொன்றுக்கும் ஏழில் எத்தனை நாள் என்று எழுத வேண்டும். அதை ஒரு எடையால் பெருக்கிக் கூட்டுவார்கள். பிடிக்காத உணவுக்கு எடை 1, கடன் வாங்கியதற்கு 2. கடைசிக் கேள்விக்குத்தான் எடை அதிகம், 3.

ஒரு பெண்மணியிடம் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பாத்திரம் நகர்த்தும் சத்தம் கேட்டது. பின்னாலிருந்து ஒரு சிறுவன், "அம்மா, நீ சாப்பிடலையா?" என்றான். "நான் அப்பவே சாப்பிட்டாச்சு, நீ சாப்பிடு" என்று அவனிடம் சொல்லிவிட்டு, என்னிடம், "இல்லைங்க, எல்லாரும் சாப்பிட்டோம்" என்றார். படிவத்தில் பூஜ்யம் போட்டேன். சொன்னதைத்தானே எழுத முடியும்?

சரி, இப்போது எதற்கு இந்தக் கடிதம்? 2025 மே 20 அன்று, உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. மூன்று வருடத்துக்கும் மேலாகப் பேசிப் பேசி வந்த ஒப்பந்தம். அந்தப் பேச்சில் அதிகம் அடிபட்டவை தடுப்பூசிப் பங்கீடும் கிருமி மாதிரிகளைப் பகிர்வதும். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதையொட்டி ஒவ்வொரு நாட்டிலும் நீங்கள் தயாரிக்கிற ஆயத்தத் திட்டங்களில் "உணவு" என்று ஒரு தலைப்பு வரும். அதன் கீழே கிடங்கு, கையிருப்பு, லாரி, துறைமுகம் என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்களோ என்பதுதான் என் பயம்.

2020ல் உலகில் தானியத்துக்குப் பஞ்சம் இல்லை. ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி அந்த வருடம் உலகத் தானிய விளைச்சல் 270 கோடி டன்னுக்கும் மேல், அதுவரை இல்லாத அளவு. அதே அமைப்பு மற்ற ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து 2021 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். 2020ல் பசியில் இருந்தவர்கள் 72 கோடியிலிருந்து 81 கோடி வரை. வருடத்தில் ஏதோ ஒரு கட்டத்திலாவது போதுமான உணவு கிடைக்காதவர்கள் 237 கோடி, முந்தைய வருடத்தைவிட 32 கோடி அதிகம். கிடங்கும் நிறைந்தது, பசியும் நிறைந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

இடையில் அறுந்து போனது சம்பளம். 2020ல் உலகம் இழந்த வேலை நேரம் 8.8 சதவீதம், அதாவது 25.5 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டது. 2009 நிதி நெருக்கடியில் போனதைப்போல் நான்கு மடங்கு. இது சராசரி. சராசரியில் மாதச் சம்பளக்காரரும் அன்றாடங்காய்ச்சியும் ஒரே வரிசையில் நின்றுவிடுகிறார்கள். உலகில் வேலை செய்கிறவர்களில் பத்தில் ஆறு பேர், சுமார் 200 கோடிப் பேர், முறைசாராத் தொழிலாளர்கள். இவர்களுக்கு நியமன உத்தரவு இல்லை, விடுப்பு இல்லை, வேலை போனதற்குச் சாட்சியும் இல்லை. நெருக்கடியின் முதல் மாதத்திலேயே இவர்களின் வருமானம் உலக அளவில் 60 சதவீதம் விழுந்திருக்கும் என்று அதே அமைப்பு மதிப்பிட்டது. இந்த வீழ்ச்சிக்கு ஒரு மாதம் போதுமானதாக இருந்தது, கவனியுங்கள்.

வருமானம் விழுந்தால் சாப்பாடு ஏன் முதலில் விழுகிறது? இதை யாரும் சரியாக விளக்கி நான் கேட்டதில்லை. ஆயிரக்கணக்கான அழைப்புகளில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857லேயே பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவைப் பார்த்துவிட்டு, வருமானம் குறைவாக உள்ள வீட்டில் உணவுக்குப் போகும் பங்கு அதிகம் என்று சொல்லிவிட்டார். நூறு ரூபாயோ நூறு டாலரோ, பாதிக்கு மேல் அடுப்புக்கே போகும் வீடுகள் உலகில் ஏராளம். வருமானம் சரிபாதியாகும்போது அந்த வீட்டின் மற்ற செலவுகள் குறைய மறுக்கின்றன. வாடகை கொடுக்காவிட்டால் வீட்டுக்காரர் வாசலில் நிற்பார். வட்டி கட்டாவிட்டால் கடன் கொடுத்தவர் நிற்பார். மருந்தை நிறுத்தினால் உடம்பு உடனே சொல்லிவிடும். யாரிடமும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல், இன்றைக்கு இன்றே குறைத்துக்கொள்ளக்கூடிய ஒரே செலவு சாப்பாடு. அதனால் எல்லா அடியையும் வயிறுதான் வாங்குகிறது.

வயிறு வாசலில் வந்து நின்று கத்துவதில்லை. ஆகவே உங்களுக்கும் கேட்பதில்லை.

இந்தக் குறைப்புக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் போவது பழம், முட்டை, பால், இறைச்சி. மாவுச்சத்து அப்படியே இருக்கும், சில வீடுகளில் கூடவும் செய்யும். வயிறு நிறைந்துவிடும், இரும்புச்சத்தும் வைட்டமின் ஏயும் நிறையாது. இந்தக் கட்டத்தில் "பசி இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அந்த வீட்டில் கர்ப்பிணியோ இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையோ இருந்தால், அந்தச் சில மாத இழப்பைப் பின்னால் முழுதாக ஈடுகட்டுவது கடினம். அப்புறம் அளவு குறையும். அப்புறம் ஒரு வேளை போகும். வீட்டில் யாருடைய வேளை முதலில் போகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மேலே சொன்ன அறிக்கையே சொல்கிறது: உணவு நிச்சயமில்லாத நிலை 2019ல் ஆண்களைவிடப் பெண்களிடம் 6 சதவீதம் அதிகமாக இருந்தது, 2020ல் அது 10 சதவீதமானது.

தட்டில் இதெல்லாம் நடக்கும்போதே வீட்டுக்குள் இன்னொரு வரிசையும் ஓடும். சேமிப்பு கரையும், கைமாற்று வாங்குவார்கள், நகையோ சாமானோ போகும். இதுவரைக்கும் மீண்டுவிடலாம். அடுத்து பிழைப்புக்கான கருவி போகும்: சைக்கிள், தையல் இயந்திரம், கறவை மாடு. பிள்ளை பள்ளியிலிருந்து நிற்கும். கடைசியில் நிலமோ வீடோ. உங்கள் வல்லுநர்கள் இதற்கு அழுத்தம், நெருக்கடி, அவசரம் என்று மூன்று படி வைத்திருக்கிறார்கள். நல்ல பிரிப்புதான். முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவில் சில வாரங்கள்தான் இருக்கின்றன என்பதையும் பக்கத்தில் எழுதியிருக்கலாம்.

ஒரு தையல்காரர். அவரிடம் மூன்று முறை பேசினேன், ஒரே வீட்டை மாதாமாதம் அழைக்கும் கணக்கெடுப்பு அது. முதல் முறை, துணிக்கடைகள் மூடியிருக்கின்றன, வேலை இல்லை, கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கிறோம் என்றார். இரண்டாவது முறை, இயந்திரத்தை விற்றுவிட்டதாகச் சொன்னார். பாதி விலைக்குக்கூடப் போகவில்லையாம், எல்லோரும் விற்கிறார்கள், வாங்க ஆளில்லை. அந்தப் பணத்தில் ஐந்து வாரம் சாப்பிட்டார்கள். மூன்றாவது முறை அழைத்தபோது ஊரெல்லாம் முகக்கவசம் தைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. அவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். எதை வைத்துத் தைப்பார்? ஐந்து வாரச் சாப்பாட்டுக்கு உண்டான பணம் ஒன்றரை மாதம் முன்னால் அவர் கைக்குப் போயிருந்தால், அந்த வீடு அதற்குப் பிறகு யாரிடமும் கையேந்தியிருக்காது. உதவி வராமலில்லை. நாலாவது மாதம் வந்தது.

முன்கூட்டியே கொடுங்கள் என்று கேட்டால் யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டோகோ என்ற சிறிய ஆப்பிரிக்க நாடு 2020 ஏப்ரலில் இதற்கு ஒரு வழி கண்டது. நோவிசி என்று திட்டத்துக்குப் பெயர். சாதாரணக் கைபேசியில் ஒரு குறுங்குறியீட்டை அழுத்திப் பதிவு செய்தால், முறைசாராத் தொழிலாளர் என்று வாக்காளர் பட்டியலை வைத்துச் சரிபார்த்து, கைபேசிக்கே பணம் அனுப்பினார்கள். பெண்களுக்கு ஆண்களைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்த ஒரு முடிவுக்காகவே எழுதியவரைக் கும்பிடலாம். கைபேசி இல்லாதவர்கள் விட்டுப்போனார்கள் என்ற குறை அதற்கும் உண்டு. இருந்தாலும், பட்டியல் சரியாகும்வரை பணத்தை நிறுத்திவைப்பதா, பணத்தை அனுப்பிவிட்டுப் பட்டியலைச் சரிசெய்வதா என்று வந்தால் எந்தப் பக்கம் நிற்பது என்று ஒரு ஏழை நாடு காட்டிவிட்டது.

தகுதியில்லாதவர்கள் சிலர் வாங்கிவிடுவார்களே என்றால், வாங்கிவிடுவார்கள்தான். அந்த நஷ்டத்தைக் கணக்குப் போட உங்களிடம் தணிக்கைத் துறை இருக்கிறது. வாங்காமல் விட்டுப்போனவரின் நஷ்டத்தைக் கணக்குப் போட யார் இருக்கிறார்கள்?

மொத்தமாகப் பார்த்தால் 2020, 2021ல் உலக அளவில் பண உதவி 136 கோடிப் பேரைச் சென்றடைந்தது என்று உலக வங்கி சொல்கிறது. சின்னக் காரியம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெருந்தொற்று வந்தபோது உலக மக்களில் பாதிக்கும் மேல், சுமார் 410 கோடிப் பேர், எந்தச் சமூகப் பாதுகாப்பிலும் இல்லாமல் இருந்தவர்கள். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டியதால் பல இடங்களில் தண்ணீர் தாமதமாக வந்தது, ஓரிரு முறை வந்து நின்றும் போனது.

பொட்டலம் கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. சந்தை முழுக்க மூடிக் கிடக்கும் இடத்தில் பொட்டலம்தான் வழி, மறுக்கவில்லை. கடையில் பொருள் இருந்து கையில் காசில்லை என்றால் பொட்டலம் பாதி உதவிதான். ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: தானியம் வந்துவிட்டது, சமைக்க எரிபொருள் வாங்கக் காசில்லை, அதனால் வந்த தானியத்தில் கொஞ்சத்தை விற்று எரிபொருள் வாங்கினோம். "விற்றதை வெளியே சொல்லிவிடாதீர்கள், அடுத்த முறை தரமாட்டார்கள்" என்றும் கேட்டுக்கொண்டார். உங்கள் அறிக்கையில் அவர் பெற்றது முழுப் பொட்டலம்.

"அடிக்கடி வெளியே வராதீர்கள், இரண்டு வாரத்துக்குச் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்று அப்போது அறிவுரை சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? நோயைத் தடுக்கச் சரியான அறிவுரைதான். அதை எழுதியவர் வீட்டில் குளிர்பதனப் பெட்டியும் வங்கிக் கணக்கில் பணமும் இருந்திருக்கும். அன்றன்றைய கூலியில் அன்றன்றைக்கு வாங்குகிறவருக்கு இரண்டு வாரச் சாமான் என்பது பதினான்கு நாள் கூலி. வசதி உள்ளவர்கள் அள்ளிக்கொண்டு போனபின் மிச்சம் இருந்ததை, ஏறிய விலையில், சில்லறை சில்லறையாக அவர் வாங்கினார். அதே வாரங்களில் சில நாடுகளில் விவசாயிகள் பாலைக் கீழே கொட்டிக்கொண்டிருந்தார்கள். உணவகங்களுக்கும் பள்ளிகளுக்கும் மொத்தமாகப் போய்க்கொண்டிருந்த பாலை வீட்டுக்கான சிறு பொதிகளில் அடைக்க ஆலைகளில் உடனே வழியில்லை. ஒரு பக்கம் கொட்டுகிறது, ஒரு பக்கம் வாங்கக் காசில்லை. உங்கள் திட்டத்தில் லாரிக்கும் துறைமுகத்துக்கும் பக்கம் ஒதுக்குகிறவர்கள் இந்தப் பொதி விஷயத்துக்கும் நாலு வரி ஒதுக்கலாம்.

பள்ளிகளைச் சொல்ல வந்தது விட்டுப்போச்சு. பள்ளிகள் மூடியதில் உச்சகட்டத்தில் 37 கோடிப் பிள்ளைகள் பள்ளியில் கிடைத்த உணவை இழந்தார்கள். வகுப்பைத் திரைக்கு மாற்ற அவ்வளவு பேர் யோசித்தார்கள். தட்டை எங்கே மாற்றுவது என்று பல இடங்களில் தாமதமாகத்தான் யோசித்தார்கள். பள்ளியை மூடும் ஆணையில் ஒரு கையெழுத்து போட்டால், அந்த உணவோ அதற்கான பணமோ மறுநாளே வீட்டுக்குப் போகும் ஆணையிலும் சேர்த்துக் கையெழுத்து விழ வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்துவிடுங்கள், மறக்காது.

எண்களை நம்பும்போதும் கொஞ்சம் பார்த்து நம்புங்கள். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் 20 சதவீதம் விழும் என்று 2020 ஏப்ரலில் உலக வங்கி கணித்தது. வருட முடிவில், குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளுக்கு வந்த பணத்தில் விழுந்தது 1.6 சதவீதம்தான். ஆஹா, தப்பித்தோம் என்று எழுதினார்கள். எல்லைகள் மூடியதால், முன்பு ஆள் மூலம் கையில் கொடுத்தனுப்பிய பணமும் வங்கி வழியாக வந்து கணக்கில் ஏறியது என்பதும் அதற்கு ஒரு காரணம். சேமிப்பை உடைத்து அனுப்பியவர்களும் நிறைய. கணக்கில் பணம் அதிகம் குறையவில்லை என்பதற்காக வீட்டுக்கு வந்த பணமும் குறையவில்லை என்று ஆகிவிடாது.

எங்கள் தொலைபேசிக் கணக்கெடுப்பு மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. மூன்றாவது நான்காவது மாதத்தில் சில எண்கள் "உபயோகத்தில் இல்லை" என்று வர ஆரம்பித்தன. படிவத்தில் அதற்கு ஒரு குறியீடு உண்டு, அதைப் போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவோம். கைபேசியை விற்றுச் சாப்பிட்ட வீடு எங்கள் பட்டியலிலிருந்து கழன்றுவிடும். மிச்சம் இருப்பவர்களின் சராசரி கொஞ்சம் நன்றாகத் தெரியும். வரைபடத்தில் பசிக் கோடு கீழே இறங்கியதைப் பார்த்து யாராவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

உதவியை எப்போது நிறுத்துவது என்பதையும் தொற்று எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் உலகச் சந்தை உணவு விலைக் குறியீடு 2020 மே வரை இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் 12 மாதம் விடாமல் ஏறியது. சம்பளம் போனபோது உலகச் சந்தையில் விலை மலிவு, கொஞ்சம் வேலை திரும்பியபோது விலை உச்சம். 2022ல் உக்ரைன் போரும் சேர்ந்துகொண்டது. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட் இனி அவசரநிலை அல்ல என்று அறிவித்தது. அதே வருடம் ஜூலையில் வந்த பசி அறிக்கை, 2019ஐவிட 12 கோடியே 20 லட்சம் பேர் கூடுதலாகப் பசியில் இருப்பதாகச் சொன்னது. அவசரநிலை போய்விட்டது, அந்தக் காலத்தில் வாங்கிய கடன் போகவில்லை. தவணை கட்டும் வீட்டில் சம்பளம் வந்தாலும் தட்டு நிறைவதில்லை.

இனி நான் கேட்பது இதுதான். ஊரடங்கு அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு, எந்த நாளில், எந்த விதியின் கீழ் என்று உங்கள் திட்டத்தில் துல்லியமாக இருக்கும். அதே துல்லியத்தோடு, அறிவித்த நாளிலிருந்து 14 நாளுக்குள் வருமானம் போன வீட்டுக்குப் பணம் போகும் என்று எழுதுங்கள். எந்தக் கருவூலத் தலைப்பிலிருந்து, யார் கையெழுத்தில் என்பதையும் எழுதுங்கள். குழந்தைகள் மெலிந்த எண்ணிக்கை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த எண்ணிக்கை வருவதற்குள் தையல் இயந்திரம் போயிருக்கும். பதிவுப் பட்டியல் அமைதிக் காலத்திலேயே திறந்திருக்கட்டும். நிறுத்தும் தேதியைக் கிருமியைப் பார்த்து முடிவு செய்யாமல், வேலையும் கடனும் எங்கே நிற்கின்றன என்று பார்த்து முடிவு செய்யுங்கள். அப்புறம், கணக்கெடுக்க அனுப்பும்போது வீட்டின் தாயிடம் தனியாகப் பேச நேரம் கொடுங்கள். எங்களுக்கு ஒரு அழைப்புக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் கொடுத்திருந்தார்கள்.

முதலில் சொன்னேனே, அந்தப் பெண்மணி. இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். மாலை நேரம், சுற்றிலும் சத்தம் இல்லை. "அன்னைக்குக் கடைசியா ஒரு கேள்வி கேட்டீங்களே, பிள்ளைங்க சாப்பிடணும்னு பெரியவங்க குறைச்சுக்கிட்டாங்களான்னு. அப்போ பையன் பக்கத்துல இருந்தான். அதை ஏழுன்னு மாத்திப் போட்டுக்கோங்க" என்றார். சரிங்க என்றேன். படிவம் முந்தின நாளே மேலே போய்விட்டிருந்தது. திருத்த வழியில்லை என்றார்கள்.

இப்படிக்கு,
கேள்வி கேட்கும் வேலையில் இருந்த ஒருவர்